மாமன் மகள் என்ற எதிர்வாதம்

1. முதல் கேள்வி

புகார்க் கடிதத்தைக் கொண்டுபோய் எம்.டி.யின் மேசையில் வைத்தேன். படித்து முடித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “அந்தப் பொண்ணு பர்மனென்ட்டா?”

என்ன நடந்தது, அந்தப் பெண் இப்போது எப்படி இருக்கிறாள் என்பதெல்லாம் அடுத்து வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

“ப்ரொபேஷன் சார். சீக்கிரம் கன்ஃபர்மேஷன் வருது.”

“அப்ப பிரச்சனையே இல்லையே மேடம். கன்ஃபர்ம் பண்ணாம உட்டுடலாம். ரெண்டு பேருக்கும் நல்லது.”

ரெண்டு பேர் என்று அவர் சொன்னது கம்பெனியையும், புகாரில் பெயர் வந்த ஆளையும். புகார் கொடுத்தவள் அந்தக் கணக்கில் சேரவே இல்லை.

நான் சிதம்பரத்துக்காரி. தினமும் காலையில் கடலூர் பஸ் ஏறி, வழியிலேயே செம்மங்குப்பத்தில் இறங்கி, பெயின்ட்டுக்கு ரெசின் காய்ச்சுகிற ஒரு கம்பெனியில் எச்.ஆர். வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது எச்.ஆர். படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் என்னிடம் சட்டப் பிரிவுகளைத்தான் கேட்கிறார்கள். பிரிவுகள் புத்தகத்தில் இருக்கின்றன. புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பெயர்களையும் அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன், ஏனென்றால் இப்படிப்பட்ட புகாரில் யார் யார் என்பதை வெளியே சொல்லக்கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தை எங்கள் கம்பெனியில் மதித்தவள் நான் ஒருத்திதான் என்பது போகப் போகப் புரியும்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு கன்சல்டன்ட்டை வரவழைத்து ‘ரிஸ்க் ரெஜிஸ்டர்’ போட்டிருந்தோம். கம்பெனிக்கு என்னென்ன ஆபத்து வரலாம் என்ற பட்டியல் அது. தீ, கேஸ் லீக், புயல், வெள்ளம், ஸ்ட்ரைக் என்று ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒரு கலர். ‘பெண் ஊழியர் புகார்’ என்பதற்குப் பச்சை போட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். “உங்க ப்ளான்ட்ல லேடீஸே கம்மி மேடம்” என்றார். பெண்கள் குறைந்தால் ஆபத்தும் குறைவாம். யாருக்கு ஆபத்து என்று கேட்பதற்குள் அவர் சாப்பிடப் போய்விட்டார்.

2. நித்யா

நித்யா லேப் அசிஸ்டன்ட். கடலோரக் கிராமத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர். அவள் சிதம்பரத்தில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள். ரெசின் கொதிக்கும்போது ரியாக்டர் என்கிற பெரிய கொப்பரையிலிருந்து அடிக்கடி சாம்பிள் எடுத்து, பதம் பார்த்துச் சொல்ல வேண்டும். பதம் தப்பினால் மொத்தச் சரக்கும் ரியாக்டருக்குள்ளேயே கல்லாக இறுகிவிடும். பிறகு ஆள் இறங்கிச் செதுக்கித்தான் எடுக்க வேண்டும். இந்த வேலையில் நித்யா கெட்டிக்காரி என்று லேப் இன்சார்ஜே எழுதிக் கொடுத்திருந்தார்.

ஷிப்ட் சூப்பர்வைசர் சுந்தரவேலுவும் அதே கடலோரக்காரர்தான், அவளுக்குப் பக்கத்து ஊர். மனைவி, இரண்டு பிள்ளைகள் உண்டு. மெஷின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லிவிடுவார் என்று அவருக்கு நல்ல பெயர். நித்யா சாம்பிள் எடுக்கப் போகும்போதெல்லாம் பேச்சு ஆரம்பமாகும். “எப்ப கல்யாணம்? மாப்ள கெடைக்கலன்னா நான் இருக்கேன், ரெண்டாவதா வச்சிக்கிறேன்” என்பார். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். பிறகு வழியை மறித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார். வேண்டாம் சார் என்று அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். கடைசியில் ஒருநாள், கொதிக்கிற ரெசினைக் கரண்டியில் மொண்டுகொண்டிருந்தவளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்திருக்கிறார். ரெசின் சிந்தி ஷூவை ஒட்டி விழுந்தது. அப்போதும் நாலு பேர் சிரித்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் என் அறையில் உட்கார்ந்து அழாமல் சொன்னாள். வேலையைப் பற்றிச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.

“இந்த வேல போச்சுன்னா வீட்ல வேற வேல தேட உடமாட்டாங்க மேடம். மாப்ளதான் தேடுவாங்க. நான் லேபுல இருக்கணும்.”

அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். எம்.டி.யோ அந்த வேலையைத்தான் முதலில் தூக்கி வெளியே போட நினைத்தார்.

அவரிடம் நான் சண்டை போடவில்லை. சண்டை அவருக்குப் புரியாது, ரிஸ்க் புரியும். “சார், புகார் வந்தப்புறம் கன்ஃபர்ம் பண்ணாம அனுப்புனா, பழிவாங்கிட்டாங்கன்னு கோர்ட்டுக்குப் போவா. அதுக்கு நம்ம பட்டியல்ல கலரே கெடையாது” என்றேன். அவர் யோசித்தார். “சரி, கமிட்டி போட்டு விசாரிங்க. ஆனா மெதுவா” என்றார். மெதுவாக என்பதற்கும் சட்டம் கெடு வைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

3. கமிட்டி

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த இடத்திலும் இப்படி ஒரு உள் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் ஒரு மூத்த பெண் அதிகாரி. எங்கள் கம்பெனியில் அதிகாரி என்று சொல்லத்தக்க பெண் நான் மட்டும்தான், ஆகவே போட்டியின்றித் தலைவரானேன். அக்கவுன்ட்ஸ் மும்தாஜ் ஒரு உறுப்பினர். வெளி உறுப்பினர், கடலோரப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஸ்டெல்லா டீச்சர். நாலாவது ஆள் புரொடக்‌ஷன் மேனேஜர் தண்டபாணி. கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு இரண்டு விஷயங்களில்தான் பிடிப்பு. ஒன்று ரியாக்டர். மற்றது, எதிரில் வருகிறவன் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று துருவிக் கண்டுபிடிப்பது.

எங்கள் பக்கத்தில் பேச்சு வழக்கு எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். செக்யூரிட்டி மாமா, டிரைவர் மாமா, பாய்லர் மச்சான் என்று ப்ளான்ட் முழுக்க உறவுதான். இதில் பாதிக்கும் மேல் வாய் வழக்கு. ஆனால் வாய் வழக்கை நம்பி வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பது விசாரணையில்தான் தெரிந்தது.

4. மறுக்காத ஆள்

விசாரணை டிரெயினிங் ஹாலில். நித்யா சொல்லி முடித்து வெளியே போன பிறகு சுந்தரவேலு வந்தார். சலவைச் சட்டை, நெற்றியில் விபூதி. பொய் சொல்லப் போகிறார், சாட்சி வைத்து மடக்க வேண்டியிருக்கும் என்று கேள்விகளைத் தயாராக வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

“கல்யாணம் பத்திக் கிண்டல் பண்ணீங்களா?”

“பண்ணேன் மேடம்.”

“வழிய மறிச்சு நின்னீங்களா?”

“நின்னேன்.”

“கையப் புடிச்சு இழுத்தீங்களா?”

“புடிச்சேன் மேடம். நான் இல்லன்னு சொல்லலையே.” சாவகாசமாகச் சிரித்தார். “அது எனக்கு மொறப்பொண்ணு மேடம். மாமா பொண்ணு. மாமா பொண்ணக் கிண்டல் பண்றதுல என்னா தப்பு? அதுவும் ஊருக்குள்ள போயி கேட்டுப் பாருங்க, யாராவது தப்புன்னு சொல்றாங்களான்னு.”

என் சர்வீஸில் இப்படி ஒரு வாக்குமூலத்தை நான் பார்த்ததில்லை. குற்றம் என்று எழுதியிருந்த ஒவ்வொரு வரிக்கும் ஆமாம் சொல்லி, அதையே தன் எதிர்வாதமாகவும் வைத்துவிட்டார். சட்டப்படி விசாரணை அந்த நிமிஷமே முடிந்தது. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் தண்டபாணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“எப்பிடி மாமா பொண்ணு?”

“அவுங்க அப்பாவ நான் மாமான்னுதான் சார் கூப்புடுறேன்.”

“அட, கேட்டுல நிக்கிற செக்யூரிட்டியக்கூட நானும் மாமாங்கிறேன். அது ஆவுமா? சொந்தத்துல எப்பிடின்னு சொல்லுய்யா.”

“சார், அது இந்த விசாரணைக்குத் தேவையில்ல” என்றேன்.

“இல்ல மேடம், அவன் டிஃபென்ஸ் எடுத்து வைக்கணும் இல்ல? நாளைக்கு வாய்ப்பே குடுக்கலன்னு சொல்லிடப் போறான். இயற்கை நீதி மேடம்.”

இயற்கை நீதி என்ற சொல்லை அவருக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான். கமிட்டி டிரெயினிங்கில் சொன்னதில் அவர் ஞாபகம் வைத்திருந்தது அது ஒன்றுதான். சாட்சி இருந்தால் கூட்டி வரலாம் என்பது சுந்தரவேலுவின் உரிமை, மறுக்க முடியாது. தன் சொந்தக்காரர் மணவாளனைக் கூட்டி வருகிறேன் என்றார்.

5. சாட்சி

மணவாளன் எங்கள் ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டர், சரக்கு தூக்கி வைக்கிற வண்டி ஓட்டுகிறவர். வயதில் மூத்தவர். கடலோரத்தில் எந்த வீட்டில் கல்யாணம், சாவு என்றாலும் முன்னால் நிற்கிறவர். சுந்தரவேலுவுக்காகச் சாட்சி சொல்ல வந்த பெருமை முகத்தில் தெரிந்தது.

“சொல்லுங்க மணவாளன்” என்று தண்டபாணியே தொடங்கினார். “நித்யா இவனுக்கு மொறப்பொண்ணா?”

“மொறதான் சார். அதுல என்னா சந்தேகம்?”

“சும்மா மொறைன்னா எப்பிடி? ஸ்ட்ராங்கா ஒண்ணு சொல்லுங்க. அந்தப் பொண்ணோட அம்மா யாரு வீடு?”

ஸ்டெல்லா டீச்சர் நோட்பேடை எடுத்துக் கோடு கிழித்துக் குடும்பப் படம் போட ஆரம்பித்துவிட்டார். பழக்க தோஷம். மும்தாஜ்கூட எட்டிப் பார்த்தாள். பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் கீழ் கூடிய கமிட்டி, கல்யாணத் தரகர் வீட்டுக் கூடம்போல் ஆகிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அம்மா வழியா...” மணவாளன் கண்ணை மூடி யோசித்தார். “நித்யா அம்மாவப் பெத்தது செல்லியம்மா. வடக்க கட்டிக் குடுத்தாங்க. செல்லியம்மாவுக்குக் கூடப்பொறந்த அக்கா ஒண்ணு. அந்த அக்கா...”

நிறுத்திவிட்டார். சுந்தரவேலுவைப் பார்த்தார்.

“அந்த அக்கா?” தண்டபாணி விடவில்லை.

“அந்த அக்காதான் சார் இவன் அம்மாவப் பெத்த ஆயா.”

ஸ்டெல்லா டீச்சர் பேனாவால் இரண்டு கோடுகளை இணைத்தார்.

“அப்ப ரெண்டு பேரோட அம்மாவும் அக்கா தங்கச்சி மொற” என்றார். “அப்ப இவுங்க ரெண்டு பேரும்...”

“அண்ணன் தங்கச்சி” என்றார் மணவாளன். குரல் உள்ளே போய்விட்டது. “ரெண்டு கெழவிக்கும் ஒரு கல்யாணப் பந்தியில சண்ட சார். அதோட போக்குவரத்து இல்ல. புள்ளைங்களுக்குத் தெரியாது. எனக்கே இப்பதான்...”

சுந்தரவேலு தலையில் அடித்துக்கொண்டார். “ஐயையோ! தங்கச்சியா? தங்கச்சி கையயா புடிச்சேன்?” என்று பெரிய ஆள் குலுங்கிக் குலுங்கி அழுதார். விசாரணை தொடங்கியதிலிருந்து அவர் முகத்தில் வெட்கத்தை அப்போதுதான் முதலில் பார்த்தேன். ஆனால் அது கையைப் பிடித்ததற்காக வந்த வெட்கம் இல்லை.

6. ரகசியம் காத்த விதம்

விசாரணை விவரம் வெளியே போகக்கூடாது என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தேன். மாடிப்படி இறங்கி வருவதற்குள் டீ கொண்டுவருகிற அம்மா கேட்டாள். “அண்ணன் தங்கச்சியாமே மேடம்? கருமம், கருமம்!”

ப்ளான்ட்டே கொதித்தது. அதுவரை சுந்தரவேலுவோடு சேர்ந்து சிரித்த நாலு பேரும் கேன்டீனில் அவர் உட்கார்ந்த மேசையிலிருந்து எழுந்து போனார்கள். “தங்கச்சி மொறையப் போயி...” என்று பாய்லர் ஆள் காறித் துப்பினான். வேண்டாம் வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னபோது யாருக்கும் வராத கோபம், ஒரு கிழவிக்கு அக்கா உண்டு என்று தெரிந்ததும் பொத்துக்கொண்டு வந்தது.

எம்.டி. கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் ஸ்வீட் பாக்ஸ்.

“எடுத்துக்கங்க மேடம். நல்லபடியா முடிஞ்சுது. அண்ணன் தங்கச்சி ஆயிட்டாங்க, அவனும் அழுதுட்டான். இது ஃபேமிலி மேட்டர். கேஸ க்ளோஸ் பண்ணிடுங்க.”

“சார், நேத்து அவ மாமா பொண்ணுன்னு ஃபேமிலி மேட்டர். இன்னைக்குத் தங்கச்சின்னு ஃபேமிலி மேட்டர். அவ என்னவா இருந்தா அது கம்பெனி மேட்டர்?”

அவர் கேட்ட மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. அவருக்கு வேறு யோசனை. “இனிமே லேடீஸ் வேலைக்கு எடுக்கும்போதே, உள்ள யாரு யாரு என்ன மொறைன்னு கேட்டு எழுதிக்கலாமா மேடம்? முன்னாடியே தெரிஞ்சா ரிஸ்க் இல்ல பாருங்க.”

நான் ஸ்வீட்டை எடுக்கவில்லை. சர்க்கரை வியாதி என்று சொன்னேன். எனக்குச் சர்க்கரை கிடையாது.

7. நித்யாவின் கேள்வி

கமிட்டி மறுபடி கூடியபோது தண்டபாணி முடிவை எழுதியே கொண்டுவந்திருந்தார். ‘உறவுமுறை தெரியாத காரணத்தால் நேர்ந்துவிட்ட தவறு. இரு தரப்பும் சமாதானம்.’ சமாதானம் என்பது புகார் கொடுத்தவள் தானாகக் கேட்டால்தான் உண்டு, நாம் எழுதிக்கொள்ளக் கூடாது என்றேன். அவளையே கேட்போம் என்று கூப்பிட்டோம்.

நித்யா உட்காரவில்லை.

“வெளிய நின்னு தங்கச்சி தங்கச்சின்னு அழுவுறாரு மேடம். எங்கம்மா போன் பண்ணி, அண்ணன்தான்டி, உட்டுடுன்னு சொல்றாங்க. லேபுல எல்லாரும், அதான் முடிஞ்சுதேங்கிறாங்க. எனக்கு ஒண்ணுதான் கேக்கணும்.” எங்கள் நாலு பேரையும் பார்த்தாள். “நான் நெசமாவே மாமா பொண்ணா இருந்திருந்தா, அவரு கையப் புடிச்சது சரியாயிடுமா?”

ஸ்டெல்லா டீச்சர் தான் போட்ட குடும்பப் படத்தைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். தண்டபாணி தண்ணீர் குடித்தார்.

அவளுக்கு முன்னால் எனக்குக் கூச்சமாக இருந்தது. சட்டம் படித்தவர்களும் அனுபவசாலிகளுமாக நாங்கள் நாலு பேர். கேட்க வேண்டிய கேள்வியை எங்களுக்கு அவள்தான் கேட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

அறிக்கையை நான் எழுதினேன். உறவு பற்றிய சாட்சியம் எதுவும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை என்பது முதல் வரி. சம்பவங்கள் அனைத்தும் எதிர்மனுதாரரால் ஒப்புக்கொள்ளப்பட்டவை என்பது இரண்டாவது. இன்க்ரிமென்ட் நிறுத்தம், லேப் பக்கமே வராத வேறு பிரிவுக்கு மாற்றம், எழுத்தில் மன்னிப்பு, இவை பரிந்துரை. நித்யாவின் கன்ஃபர்மேஷனை லேப் இன்சார்ஜின் மதிப்பீட்டை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டும் என்றும் சேர்த்தேன்.

மும்தாஜும் டீச்சரும் உடனே கையெழுத்துப் போட்டார்கள். தண்டபாணி பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். “ஊரே அவனக் காறித் துப்புது மேடம். இதுக்கு மேல தண்டனையா?”

“சார், அவ கையில இருந்தது ஹாட் ரெசின். அந்த நேரத்துல கையப் புடிச்சா என்ன ஆவும்?”

அவர் முகம் மாறியது. “அடப்பாவி, ஆமா மேடம். அது பெரிய சேஃப்டி வயலேஷன். மூஞ்சில பட்டிருந்தா என்னா ஆவறது!” என்று சொல்லி அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டார். எந்த வாசல் வழியாக வந்தால் என்ன, வந்து சேர்ந்தாரே என்று நினைத்துக்கொண்டேன்.

எம்.டி. அறிக்கையை நகர்த்தி வைத்தார். கமிட்டி பரிந்துரையை நிறைவேற்றாவிட்டால் அபராதம், மறுபடி நடந்தால் கம்பெனி லைசென்ஸுக்கே ஆபத்து என்ற பிரிவை எடுத்து அவர் முன் வைத்தேன். லைசென்ஸ் என்ற சொல்லைப் பார்த்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அன்றைக்கே கையெழுத்தானது, நித்யாவின் கன்ஃபர்மேஷன் ஆர்டரும் சேர்த்து.

8. மன்னிப்பு

மிச்சம் இருந்தது மன்னிப்புக் கடிதம் மட்டும். மாற்றல் ஆர்டரை வாங்கிக்கொண்ட கையோடு சுந்தரவேலு எழுதிக் கொடுத்தார். ‘தங்கை முறை என்று அறியாமல் செய்த பிழையைப் பொறுத்தருளவும்.’ நித்யா படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். “இது எனக்கு வேணாம் மேடம். அறியாம செஞ்சதா இது?”

இரண்டாவது முறை எழுதினார். ‘இனி உடன்பிறந்த தங்கையாகப் பாவிப்பேன்.’ அதையும் திருப்பிக் கொடுத்தாள். “நான் யாருக்கும் தங்கச்சியா இருக்க வேலைக்கு வரல மேடம்.”

சுந்தரவேலு என் அறைக்கு வந்து நின்றார். திமிரில் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். “தங்கச்சின்னு எழுதக்கூடாதுன்னா, வேற என்னா மேடம் எழுதறது?”

எனக்குக் கோபமும் வந்தது, கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. நாற்பது வயது மனிதர். ஒரு பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க அவருக்கு உறவைத் தவிர வேறு காரணமே கிடைக்கவில்லை. “என்ன செஞ்சீங்களோ அத மட்டும் எழுதுங்க. அவ யாருன்னு எழுதாதீங்க” என்றேன்.

டிரெயினிங் ஹாலில் வெறும் தாளோடு உட்கார்ந்தார். நான் அந்தப் பக்கம் போன இரண்டு தடவையும் தாள் வெறுமையாகவே இருந்தது. ஷிப்ட் முடிகிற நேரத்தில் கொண்டுவந்து கொடுத்தார். மூன்றே வரி. ‘நித்யா வேலை செய்துகொண்டிருந்தபோது கையைப் பிடித்தேன். வேண்டாம் என்று சொன்ன பிறகும் பிடித்தேன். அது தப்பு.’

நித்யா அதை நின்றபடியே இரண்டு முறை படித்தாள். கண் கலங்கியது, துடைத்துக்கொண்டாள். “இது சரி மேடம். ஃபைல்ல வச்சிக்கங்க. எனக்கு சாம்பிளுக்கு நேரமாவுது” என்று சொல்லிவிட்டு லேபுக்குப் போனாள்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். விசாரணை அறையில் உட்கார்ந்தால் இவள் யார் மகள், அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். சுந்தரவேலு அந்த மூன்று வரியை எழுத ஒரு ஷிப்ட் பிடித்தது. அதை அவரிடம் வாங்கிக்கொடுக்க எங்கள் கமிட்டிக்கு அதைவிட வெகு நாள் பிடித்தது. நித்யாவுக்கு அந்த மூன்று வரியும் முதல் நாளே தெரியும்.